பலகைப் பெட்டி அடித்து வந்த தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

எங்கள் தோட்டக் கழகத்தின் இந்த வருடத்துப் பயணங்கள் நல்லபடியாக முடிந்தன. கணக்கும் ஒப்புவித்தாயிற்று. போய் வந்தவர்கள் தங்களுக்குள் போனில் மாறி மாறி நன்றி சொல்லிக்கொண்டார்கள். கழகத்துக்கு வெளியே இருந்து கைகொடுத்தவர்களுக்குத்தான் யாரும் முறையாகச் சொல்லவில்லை. அதற்காக இந்த மடல்.

முதலில் எங்கள் ஆட்களைப் பற்றி. முக்கால்வாசிப் பேர் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள தொடர்மாடிகளில் இருப்பவர்கள். தோட்டம் என்றால் பால்கனியில் நாலைந்து பூச்சாடி, யோகம் இருந்தால் மொட்டைமாடியில் ஒரு மூலை. உப்புக்காற்றுக்குத் தப்பி நிற்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். எழுபதைத் தாண்டியவர்களே அதிகம். கைத்தடி, முழங்கால் பட்டி, ஒரு சக்கர நாற்காலி. இப்படியொரு கூட்டத்தை மேடும் பள்ளமும் படிக்கட்டுமான தோட்டங்களுக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால், வழிநெடுக இருப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் இத்தனை நன்றியும்.

பெந்தோட்டைப் பயணத்துக்கு முதலில் பேசிய பஸ்காரர் முதல்நாள் இரவு கைவிரித்துவிட்டார். ஓர் உறுப்பினரின் மருமகன் யாரையோ பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, விடியற்காலையில் தெஹிவளையிலிருந்து ஒரு தம்பி பஸ்ஸோடு வந்து நின்றார். அந்த பஸ்ஸின் முதற்படி எங்கள் ஆட்களின் முழங்காலுக்கு மேலே. அன்று ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினார். அடுத்த பயணத்துக்கு வரும்போது ஒரு பலகைப் பெட்டி அடித்துக் கொண்டுவந்தார். செருப்பு வழுக்காமல் இருக்க மேலே பழைய டயர்த் துண்டு, தூக்கி வைக்கப் பக்கத்தில் ஒரு கயிற்றுப் பிடி. யாரும் கேட்கவில்லை. காசு கொடுக்கப் போனபோது, வீட்டில் சும்மா கிடந்த பலகைதானே என்று சிரித்துவிட்டார். தம்பி, அந்தப் பெட்டி இல்லாமல் இனி எங்கள் ஆட்கள் பஸ் ஏற மாட்டார்கள். அடுத்த முறையும் மறந்துவிடாதீர்கள்.

பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா உருவாக்கிய லுணுகங்கைத் தோட்டத்தில் எங்களுக்கு வழிகாட்டிய இளைஞருக்கும் தோட்டத்தில் வேலை செய்யும் ஐயாவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே நேரம் குறித்துத்தான் கூட்டிப்போவார்கள். பிந்தினால் அடுத்த கூட்டம் வந்துவிடும். எங்கள் நடையைப் பார்த்ததும் அந்த இளைஞர் பாதையையே மாற்றிவிட்டார். படிகளைத் தவிர்த்து, நிழல் கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தி, நின்ற இடத்தில் கதை சொன்னார். ஜெஃப்ரி பாவா 1948ல் இந்த இடத்தை வாங்கும்போது சட்டத்தரணிதான், கட்டடக் கலைஞர் அல்ல; இந்தத் தோட்டத்தைத் திருத்தப் போய்த்தான் அந்தப் படிப்பின் பக்கம் திரும்பினார், 1957ல்தான் லண்டனில் தகுதி பெற்றார் என்று அவர் சொன்னபோது, ஓய்வுபெற்ற பிறகு செடி வளர்க்கத் தொடங்கிய எங்கள் ஆட்கள் சிலருக்கு முகம் மலர்ந்தது.

வீட்டின் முன்னால் நின்று பார்த்தால் கறுவாக் குன்று. குன்றில் ஒரு மரமும் அதனடியில் பெரியதொரு சீனத்துச் சாடியும். அதற்கப்பால் தெத்துவ ஏரி, ஏரிக்கு அக்கரையில் விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். எல்லாம் ஒரே பார்வையில் வரிசையாக விழுகின்றன. ஏரி தெரிய வேண்டும் என்பதற்காகக் குன்றின் உச்சியையே வெட்டித் தாழ்த்தினாராம். நடுவில் ஊர்ப் பாதை ஒன்று குறுக்கே போகிறது. அது பள்ளத்தில் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. 2003ல் மறைந்த பாவாவின் அஸ்தியும் அந்தக் குன்றில்தான் இருக்கிறது.

குன்றேற முடியாத எங்கள் அன்ரி ஒருவர் கீழே இருந்துவிட்டார். தோட்டக்கார ஐயா எங்கிருந்தோ ஒரு கதிரை தூக்கிக்கொண்டு வந்து, அவர் தனியாக இருக்கக்கூடாது என்று தானும் பக்கத்தில் குந்திக்கொண்டார். நாங்கள் இறங்கி வரும்போது இருவருக்கும் இடையில் பலத்த விவாதம். அங்குள்ள அரலியா (ஈழத்தலரி) மரங்கள் இயல்பாக அப்படிப் படர்ந்தவை அல்ல. இளங்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, வருடக்கணக்கில் பக்கவாட்டில் வளைத்தவை. "என்ர செவ்வரத்தைக்கும் கல்லுக் கட்டலாமோ எண்டு கேக்கிறன், மனுசன் சிரிக்கிறார்" என்றார் அன்ரி. இவருக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே இல்லை. எப்படிப் பேசிக்கொண்டார்களோ!

காலையில் பார்த்தது அளுத்கமைக்கு அருகே உள்ள பிரீஃப் தோட்டம். ஜெஃப்ரியின் தமையனார் பேவிஸ் பாவா 1929ல் தொடங்கியது. தகப்பனாருக்கு ஒரு வழக்கில் கிடைத்த பணத்தில் வாங்கிய நிலமாம், வழக்கறிஞர் எடுக்கும் வழக்கை ஆங்கிலத்தில் 'பிரீஃப்' என்பார்கள், அதனால்தான் அந்தப் பெயர். அவுஸ்திரேலிய ஓவியர் டொனல்ட் ஃபிரெண்ட் சில வருடங்கள் தங்கியிருந்து வரைந்த சுவரோவியம் வீட்டுக்குள் இருக்கிறது. தம்பியின் தோட்டத்தைவிட எனக்கு இதுதான் பிடித்தது. நெருக்கமாக, கொஞ்சம் குறும்பாக இருக்கிறது. கழகத்தில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சரி.

அங்கிருந்து வரும் வழியில் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. முதியவர்களோடு பயணம் போனவர்களுக்குத் தெரியும், பாதித் திட்டம் கழிவறையைச் சுற்றித்தான் போடப்படும். ஒரு பாட்டி அவசரம் என்று சொல்ல, பஸ் நின்ற இடத்தில் இருந்தது அவர் வீடு. ஒருவர் போக, வரிசையாக எல்லோரும் போனோம். அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. அப்புறம் தேத்தண்ணியும் ஊற்றித் தந்தார்.

கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு ரயிலில் போனோம். 1876ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குப் போன இறப்பர் விதைகளில் முளைத்தவை கப்பலில் வந்து, ஆசியாவில் முதன்முதல் ஊன்றப்பட்ட இடம். எங்கள் கூட்டத்தில் தோட்டத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் உண்டு. ஆயுள் முழுக்க இறப்பரோடு கிடந்தவர், அங்கே ஒரு மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். சக்கர நாற்காலியை ரயில் நிலையத்து மேம்பாலத்தில் தூக்கி ஏற்றி இறக்கிய கிரிக்கெட் மட்டைப் பையன்களே, பெயர் கேட்பதற்குள் ஓடிவிட்டீர்கள். நன்றி, பிள்ளைகளே.

பகத்தலே வீதியில் பாவாவின் நம்பர் 11 வீடு எங்களுக்கு அதிக தூரமில்லை. நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியது. ஒரு பாய் அகல முற்றத்தில்கூட வெளிச்சம் இறங்கி ஒரு செடி நிற்கிறது. பால்கனிக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

எல்லா இடத்திலும் விளக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த பல்கலைக்கழக மாணவிக்கும், பொலித்தீன் வேண்டாம் என்றதும் கட்டுச்சோற்றை முழுக்க வாழையிலையில் சுற்றித் தந்த ஒழுங்கை அக்காமாருக்கும் நன்றி. அந்த மோர்மிளகாயைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. எங்கள் உறுப்பினர்களுக்கும் ஒன்று: கண்ட கிளையை முறித்துக் கைப்பைக்குள் போடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. எந்தத் தோட்டத்திலும் அது நடக்கவில்லை என்றே நம்புகிறேன்.

பஸ்ஸில் விட்டுப்போன இரண்டு குடை, ஒரு மூக்குக்கண்ணாடி, மூடியில்லாத சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மாலை ஐந்துக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். மூடி யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
செயலாளர்
கொழும்பு 6