மைசூரிலிருந்து ஒரு கடிதம்

சுமதி,

நலமா? பசியாறிவிட்டாயா? நாள் முழுக்கத் தலைகீழாகத்தான் நிற்கிறாயா என்று கேட்டிருந்தாய். அதெல்லாம் இல்லை. அங்கே மலேசியாவில், கிள்ளானில், நீ காலை வேலைகளை முடிக்கும் நேரத்தில் எனக்கு அன்றைய யோகா முடிந்திருக்கும். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து குளித்து, வெறும் வயிற்றோடு, வாசல் கூட்டும் பெண்களைத் தாண்டிக் கோகுலம் தெருக்களில் நடந்து போக வேண்டும். மைசூர் முறையில் ஆசிரியர் முன்னால் நின்று கத்துவதில்லை, அவரவர் தெரிந்த வரிசையை அவரவர் மூச்சுக்குச் செய்கிறோம், அவர் நடுவில் நடந்து வந்து தோளைத் திருப்பிவிடுவார், ஓர் ஆசனம் சரியாக வராமல் அடுத்ததைத் தர மாட்டார். நான் மரீச்யாசனம் நான்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் கை கோக்க வேண்டும், என் கைகள் ஒன்றையொன்று சந்திக்க மறுக்கின்றன.

சனிக்கிழமை விடுமுறை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்கூட. சனிக்கிழமை விளக்கெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார்கள். பிரேசில்காரி ஒருத்தி அதை என்னிடம் பெரிய ரகசியம் போலச் சொன்னாள், அம்மா கையில் எண்ணெயோடு நம்மைத் துரத்தியதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்!

இதுதான் இங்கே என் நிலைமை. கூடப் படிப்பவர்கள் என்னை இந்த மண்ணின் பெண்ணாக நினைத்து, பாட்டி வீட்டில் யோகா செய்வாரா என்று கேட்கிறார்கள். பாட்டியும் விடியுமுன் எழுந்தவள்தான், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவுவதற்கு. வீட்டுக்கார அம்மாவோ வெளிநாட்டவர் தங்கினால் கட்டாயமான பதிவுப் படிவத்தை நிரப்பும்போது பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டோக்காரர்கள் கன்னடத்தில் தொடங்குவார்கள், நான் விழித்தால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். தேவராஜா மார்க்கெட்டில் நான் தனியாகப் போனால் ஒரு விலை, வெள்ளைக்காரத் தோழியோடு போனால் வேறு விலை.

எல்லாரும் ஐயாயிரம் வருடப் பாரம்பரியம் என்கிறார்கள். ஆனால் நாங்கள் செய்யும் இந்த வரிசை இன்றைய வடிவத்துக்கு வந்தது பெரும்பாலும் 1930களில், இதே ஊரில்தான். அப்போதைய மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகா பாடசாலை நடத்தினார், பின்னால் யோகாவை உலகெங்கும் கொண்டுபோன பட்டாபி ஜோய்ஸும் பி.கே.எஸ். ஐயங்காரும் அவரிடம் படித்தவர்கள். அந்த அரண்மனையில் இப்போது ரவி வர்மா ஓவியங்களைப் பார்க்கலாம். பழசு என்பதால்தான் மதிப்பு என்று நான் நினைக்கவில்லை, காலையில் என் இடுப்பு அதையெல்லாம் கேட்பதும் இல்லை.

மிச்ச நாள்தான் நீளம். இளநீர், தோசை, கையால் துணி துவைப்பது, ஒரு தூக்கம், மாலையில் சமஸ்கிருத வகுப்பு. மறுநாள் வயிறு லேசாக இருக்க வேண்டுமென்று இருட்டுவதற்குள் சாப்பாடு, எட்டு மணிக்குப் படுக்கை. முதலில் போரடித்தது, இப்போது பழகிவிட்டது. போனை எடுக்காமல் ஒரு மதியம் முழுக்க மாடியில் உட்கார முடிகிறது, என்னால்! நீ நம்ப மாட்டாய்.

மைசூர்பாக்கு வாங்கி வரட்டுமா, இல்லை உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இன்னும் ஏறித்தான் இருக்கிறதா? அப்புறம், உன் முட்டி வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே. எழுது.

அன்புடன்,
கலா