சார்ஜரைப் பிடுங்கிவிட்டு விளையாடாதே

அன்புள்ள கண்ணனுக்கு,

லேப்டாப்பில் விளையாட உட்காரும்போதெல்லாம் பேட்டரி கெட்டுவிடக் கூடாதே என்று சார்ஜரைப் பிடுங்கிவிடுவதாகச் சொன்னாய். நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறாய், நடப்பதோ நேர்மாறு.

சார்ஜ் நிறைந்ததும் ஏறுவது தானாக நின்றுவிடும். அதன்பின் லேப்டாப் தனக்கு வேண்டியதை அடாப்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பேட்டரி சும்மா கிடக்கும். பிடுங்கினால்தான் வம்பு. உன் பேட்டரி 80 வாட் ஹவர் என்று வை. விளையாட்டு 80 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் காலி. பெரும்பாலான லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுற்றுக்குள் (நிறைந்து காலியாவது ஒரு சுற்று) கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தினம் ஒரு சுற்று போனால் எத்தனை நாள் வரும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். போதாக்குறைக்கு, பேட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகும் வாட்டையும் லேப்டாப் குறைத்துவிடும். ஆட்டமும் திணறும்.

செருகியே வைத்தால் கெடாதா என்பாய். கெடும், ஆனால் சார்ஜரால் அல்ல. 100 சதவீதத்தில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்கும், சிலவற்றில் 4.4 வரை. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனக் கலவை மெல்லச் சிதையத் தொடங்கும். சூடும் சேர்ந்தால் அது வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு. விளையாட்டில் இந்த இரண்டும் ஒன்றாக வந்துவிடுகின்றன: நிறைந்த பேட்டரி, அதை ஒட்டியே கொதிக்கும் சிப்.

முதல் வேலை, சார்ஜுக்கு வரம்பு வைப்பது. அசூஸில் மைஅசூஸ் ஆப்பிலேயே 80 சதவீதம் என்று வைக்கலாம், சில மாடல்களில் 60-உம் உண்டு. லெனோவோவில் வான்டேஜ் ஆப்புக்குள் கன்சர்வேஷன் மோட். எம்எஸ்ஐ சென்டரிலும் இருக்கிறது. டெல்லில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) வைக்கலாம். உன் அறையில் இருப்பவர்களுக்கும் சொல். எப்போதும் மேசையிலேயே இருக்கும் மெஷினுக்கு 60 போதும். அவ்வப்போது வெளியே எடுத்துப்போனால் 80. ஊருக்குக் கிளம்பும் அன்று மட்டும் 100 ஏற்று. மாதக்கணக்கில் வரம்போடே ஓடினால் சதவீதம் காட்டுவது பிசகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றி, 10 வரை இறக்கி, மறுபடி ஏற்று. அடிக்கடி வேண்டாம்.

அடுத்தது சூடு. ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பதைக் கட்டிப்போடுவதைவிடச் சுலபமான வழி கிடையாது. உன் திரை 60 ஹெர்ட்ஸ்தான் என்றால் 140 ஃபிரேம் வெறும் வெப்பம்தான். 60-இல் நிறுத்து, ஃபேன் சத்தம் இறங்குவது காதிலேயே தெரியும். பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வை. மெத்தை மேல் வைத்து விளையாடாதே, அடியில் காற்று போகும் துளை அடைபடும். கூலிங் பேட் வாங்குவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

டைப்-சி சார்ஜரில் விளையாடுகிறாயா? அது பெரும்பாலும் 65 அல்லது 100 வாட்தான் கொடுக்கும். ஆட்டத்தின் நடுவே லேப்டாப் 180, 200 கேட்கலாம். குறையும் பங்கைப் பேட்டரிதான் ஈடுகட்டும். செருகியிருந்தும் சதவீதம் இறங்குகிறதென்றால் காரணம் இதுதான். கூடவே வந்த பெரிய அடாப்டரையே பயன்படுத்து.

பேட்டரியையே கழற்றிவிட்டு விளையாடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. பல மாடல்களில் பேட்டரி இல்லாவிட்டால் வேகத்தையும் குறைத்துவிடும்.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்காதே. டச்பேட் மேலெழுந்தாலோ, அழுத்த முடியாமல் இறுகினாலோ, அடிமூடி விலகினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று வை. உடனே அணைத்துச் சார்ஜரைக் கழற்று. அழுத்தாதே, குத்தாதே. சர்வீஸ் ஆளிடம் கொடுத்து மாற்றிவிடு. குப்பைத்தொட்டியில் போடக் கூடாது.

விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடு. அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.8-க்கு மேல் வரவேண்டும். அந்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு.

அம்மா