கொள்ளி வைக்கக்கூட விடலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறையில் இருக்கும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்காக மதுரையில் கார்டு எழுதும் எங்களைப் பற்றி, திருநகர் வாசகர் ஒருவர் போன வாரம் இதே பகுதியில் கேட்டிருந்தார்: கோர்ட்டில் இருக்கும் வழக்குக்குத் தெருவில் உட்கார்ந்து கார்டு எழுதி என்ன ஆகப் போகிறது, சட்டம் தன் கடமையைச் செய்யட்டுமே என்று. கொஞ்சம் கிண்டல் இருந்தாலும் நியாயமான கேள்விதான். அந்தக் கார்டுகளை வாங்கி வருகிறவன் நான் என்பதால் நானே பதில் எழுதுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் தபால்காரனாக இருந்தவன். அதில் நாலு வருஷம் புது ஜெயில் ரோட்டுப் பக்கம்தான் நான் தபால் கொடுக்கும் பீட். சிறைக்கு வரும் தபாலைத் தனியாகக் கட்டி எடுத்துப்போய் கேட்டில் கொடுத்துவிட்டு வர வேண்டும். உள்ளே பிரித்துப் படித்த பிறகுதான் கைதி கைக்குப் போகும். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிற இடம். ஆனால் அந்தக் கட்டு, செல்லூரில் ஒரு சின்னச் சந்துக்கு வரும் தபால் அளவுகூட இருக்காது. முதல் வருஷம் ஒரே கையெழுத்தில் வாராவாரம் இன்லண்ட் வரும். அடுத்த வருஷம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அப்புறம் நின்றுவிடும். அந்தக் கையெழுத்துகளை இன்னும் என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

இப்போது சட்டத்தின் கடமைக்கு வருகிறேன். ஊபா என்று சொல்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் 1967-இல் வந்தது. 2008-இல் திருத்தம் செய்து 43டி என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தால் உண்மை போலத் தெரிகிறது என்று நீதிபதி நினைத்தாலே போதும், ஜாமீன் கிடையாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாமா என்று கேட்டால், அதெல்லாம் விசாரணை தொடங்கிய பிறகு. விசாரணை எப்போது தொடங்கும்? அதற்குத்தான் சட்டத்தில் தேதி இல்லை. ஜாமீன்தான் விதி, சிறை விலக்கு என்று 1977-இலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிவிட்டுப் போனார். இந்த வழக்குகளில் அது தலைகீழாகக் கிடக்கிறது.

பாதிரியார் ஸ்டேன் சுவாமி நம் திருச்சிப் பக்கத்து விரகாலூர்க்காரர். ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக அடைந்து கிடந்த பழங்குடி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்தவர். மகாராஷ்டிரத்தின் பீமா கோரேகானில் 2018-இல் நடந்த கலவரம் தொடர்பான வழக்கில், ஊபா சட்டத்தில், 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைது செய்தார்கள். வயது 83. நடுக்குவாதத்தில் தம்ளர் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கிற குழாயும் சிப்பர் குவளையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல, வழக்கை நடத்தும் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. பிறகு, அப்படி எதையும் அவரிடமிருந்து நாங்கள் எடுக்கவில்லை என்றது. அப்போதுதான் நாடெங்கும் முகம் தெரியாத மனிதர்கள் ஆளுக்கொரு சிப்பர் வாங்கி மும்பைக்குப் பார்சல் போட்டார்கள். பணியில் இருந்தபோது எத்தனையோ பார்சலைத் தூக்கியிருக்கிறேன், இப்படி ஒரு பார்சலைப் பார்த்ததில்லை. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்த அன்றே, மருத்துவமனையில் இறந்தார். விசாரணைக் கைதிகளுக்காகப் பேசியவர் விசாரணைக் கைதியாகவே போய்ச் சேர்ந்தார். அவர் குற்றவாளியா, நிரபராதியா? எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. திருநகர் அன்பர் சொல்லும் கடமையைச் சட்டம் இங்கே செய்ததா?

அதே பீமா கோரேகான் வழக்கில் கைதான 16 பேரில் நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கும் ஒருவர். பழங்குடிகளுக்கும் தலித்துகளுக்கும் வாதாடியவர். 2018 ஜூன் 6 அன்று பிடித்தது. ஏழு ஆண்டு கடந்தும் சாட்சி விசாரணை தொடங்கவில்லை. போன மாதம் அவருக்குக் கார்டு எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

"யாருப்பா இது, நம்ம ஊரு ஆளா?"

"இல்லக்கா, நாக்பூரு வக்கீலு. 2020-ல அவங்கம்மா இறந்தப்பகூட வெளிய வர முடியல. வருஷம் திரும்பி தெவசத்துக்குத்தான் கொஞ்ச நாளு விட்டாங்க."

"கொள்ளி வைக்கக்கூட விடலையா?"

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. என்ன வழக்கு, என்ன கட்சி என்றுகூடக் கேட்கவில்லை. எழுதத் தெரியாது, நான் எழுதியதன் கீழே பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் போட்டார். நார்ச் சாயம் விரலில் இருந்ததால் கார்டின் ஓரம் கொஞ்சம் பச்சையாகிவிட்டது. அப்படியே பெட்டியில் போட்டேன்.

இது வடக்கத்திக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நம் மாநிலத்துக் குண்டர் சட்டம் 1982-இலிருந்து இருக்கிறது; விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கலாம். 2017-இல் துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவி வளர்மதி மீதும், மெரினாவில் நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீதும் அதே சட்டம் பாய்ந்தது. இரண்டு உத்தரவையும் அந்த செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் உள்ளே இருந்த மாதங்களை யாரும் ரத்து செய்துவிட முடியாதே. ஆட்சி எதுவானாலும் இந்தச் சட்டங்களைக் கைவிட யாருக்கும் மனம் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊர் கூடிக் கேட்டால் நடக்காது என்று மேலூர்க்காரர்களிடம் யாரும் சொல்ல முடியாது. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து நடந்தே வந்து தல்லாகுளம் தபால் நிலையத்தின் முன்னால் திரண்டார்கள். 11,000-க்கும் அதிகமானவர்கள் மீது போலீஸ் வழக்குப் போட்டது. அதே மாதத்தில் சுரங்க ஏலமும் ரத்தானது, வழக்குகளையும் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. அத்தனை ஆயிரம் பேர் இருந்ததால் வழக்குப் போனது. காட்லிங்குக்கும், 2021 நவம்பரிலிருந்து சிறையில் இருக்கும் காஷ்மீர் மனித உரிமைச் செயற்பாட்டாளர் குர்ரம் பர்வேஸுக்கும் அப்படி நடந்து வர ஒரு நரசிங்கம்பட்டி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு விஷயத்தில் திருநகர் அன்பரோடு உடன்படுகிறேன். வழக்கு நடக்கும்போது நீதிபதிக்குக் கார்டு போடுவது முறையில்லை. நாங்கள் போடுவதும் இல்லை. உள்துறை அமைச்சகத்துக்கும், தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும், நம் எம்.பி.க்கும் எழுதுகிறோம். ஜாமீன் மனுவை அரசுத் தரப்பு எதிர்க்காதே, விசாரணையைத் தொடங்கு, 43டி பிரிவை நீக்கு. இந்த மூன்று வரிதான். நாலாவது கார்டு கைதிக்கே. அதில் அரசியல் எழுதினால் தணிக்கையில் நின்றுவிடும். அதனால் வைகையில் தண்ணீர் வந்ததா, மாரியம்மன் தெப்பக்குளம் நிறைந்ததா என்று எழுதுகிறோம். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் இந்தியில் எழுதித் தருகிறார்கள்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, செல்லூரில் எங்கள் தெரு முனை வேப்பமரத்தடியில் உட்காருகிறோம். அன்பர் வந்து எங்களோடு சண்டை போடலாம், டீ உண்டு. 50 காசுக் கார்டை நானே வாங்கி வைத்துவிடுவேன். பேனா மட்டும் கொண்டு வாருங்கள். பால்பாயின்ட் பேனாவாக இருக்கட்டும். மற்ற மை ஒரு மழை பட்டால் கரைந்துவிடும், விலாசம் அழிந்த கார்டை எந்தத் தபால்காரனாலும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
செல்லூர், மதுரை.

(பெயரும் விலாசமும் தனித்தாளில் இருக்கின்றன. பெயரைப் போடலாம் என்று நான் சொல்கிறேன், வேண்டாம் என்று என் மகன் சொல்கிறான். இந்த முறை அவன் பேச்சைக் கேளுங்கள்.)