சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்: குமரி மாவட்ட ஆசான்மாருக்கும் கண் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பாரம்பரிய மருத்துவம் பார்க்கும் மதிப்பிற்குரிய ஆசான்மாருக்கும் வைத்தியர்களுக்கும் கண் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

பார்வை நரம்பைச் சிதைக்கும் கண் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) சொட்டு மருந்து விட்டுவரும் நம் மாவட்டத்துப் பெரியவர்கள் சிலர், கண்ணுக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் மூலிகைச் சாற்று மாத்திரைகளையும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மாத்திரை வீட்டுக்குள் வந்ததும் சொட்டு மருந்து நின்றுபோகிறது என்பதே என் கவலை.

தக்கலைப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டு ஃபிரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பின்னால், மூடி திறக்காத சொட்டு மருந்துக் குப்பி ஒன்று கிடந்தது. "விட்டாலும் பார்வை கூடல்ல மக்களே, பிறகு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. பட்டுப்போன பார்வை நரம்பு மீண்டும் துளிர்க்காது, எஞ்சியிருப்பதைக் காக்கவே அந்த மருந்து என்பதை அவருக்கு யாரும் விளங்கும்படி சொல்லியிருக்கவில்லை.

இரத்த ஓட்டம் பற்றிய பேச்சு ஆதாரமற்றதும் அன்று. கண்ணின் அழுத்தம் இயல்பின் மேல் எல்லையாகக் கொள்ளப்படும் 21 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டாதவர்களுக்கும் நரம்பு சேதமடைவதுண்டு. அவர்களில் சிலருக்கு நரம்புக்குப் போதிய இரத்தம் செல்லாததும் காரணமாகலாம் என மருத்துவர்களே கருதுகிறார்கள். இப்படிப்பட்ட மூலிகைகளில் ஒன்றான ஜிங்கோ மரத்தின் இலைச் சாற்றை 40 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுத்து இத்தாலியில் இவ்வகை நோயாளிகள் 27 பேரிடம் நடத்திய ஆய்வு, பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் காணும் பரப்பு) மேம்பட்டதாக 2003இல் தெரிவித்தது. ஆனால் சீன நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளிவந்த ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. அழுத்தத்தை 30 விழுக்காடு குறைத்தால் இதே வகை நோயின் வேகம் தணியும் என்பதோ 1998லேயே பெரிய ஆய்வொன்றில் காட்டப்பட்டது. இந்த நிலையில், உறுதியானதைக் கைவிட்டு உறுதிப்படாததைப் பிடித்துக்கொள்ளும்படி நோயாளியை விடுவது முறையாகாது.

மூலிகையைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. 1870களிலிருந்து கண் அழுத்தத்துக்குப் பயன்பட்ட பைலோகார்பின், தென் அமெரிக்கச் செடியொன்றின் இலையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆனால் வேலை செய்யும் மூலிகைக்குப் பக்கவிளைவும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர் ஜிங்கோவையும் சேர்த்துக்கொண்டால் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடலாம். அறுவை சிகிச்சைக்கு முன் இதை மருத்துவரிடம் மறைப்பது இன்னும் ஆபத்து.

ஆசான்மாரே, வைத்தியர்களே, கண்ணுக்கென்று எதைக் கொடுக்குமுன்னும் சொட்டு மருந்து விடுகிறாரா என்று கேளுங்கள். விடுகிறார் என்றால் அதைத் தொடரச் சொல்லுங்கள். உங்கள் வாய்ச்சொல்லுக்கு இந்த மண்ணில் இருக்கும் மதிப்பு வேறெவர் சொல்லுக்கும் இல்லை. கண் மருத்துவர்களே, நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்துதான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். சொட்டு மருந்தால் பார்வை கூடாது, ஆனால் விடாவிட்டால் குறையும் என்பதையும் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும், வரும் மார்ச் மாத உலகக் கண் அழுத்த நோய் வாரத்திலாவது ஒரே முகாமில் சேர்ந்து அமர்ந்து, வருகிறவர்களின் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்து, அவர்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரே அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண் அழுத்த நோயாளி ஒருவரின் உறவினர்,
கன்னியாகுமரி மாவட்டம்.