கிரியாட்டினின் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுநீரக தினத்தையொட்டி வந்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். டயாலிசிஸ், உறுப்பு தானம், ஆபரேஷன் எல்லாம் விவரமாகவே இருந்தது. ஆனால் ஆள் நல்லபடியாக வீட்டுக்கு வந்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் பாடு தொடங்கியதே அதற்கு அப்புறம்தான்.

தம்பிக்கு சிறுநீரகம் கொடுத்தது அம்மா. ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை, கிரியாட்டினின் 1.2. (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு அது.) எட்டாவது மாதம் 1.9 என்று வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, மூத்திரம் வழக்கம்போலத்தான் போனது. மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு ஏற்கவில்லை என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி, சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிகூடச் செய்யாமல் மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 2.6 ஆகிவிட்டது. பதறிப்போய் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம், அங்கே பயாப்ஸி எடுத்த பிறகுதான் இது பிகே வைரஸ் வேலை என்று தெரிந்தது.

இந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். 1971லேயே சிறுநீரகம் மாற்றிய ஒருவரின் மூத்திரத்தில் கண்டுபிடித்த வைரஸாம், அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் பிகே. நம்மில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே உடம்பில் ஏறி, சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் கிடக்குமாம். மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமலிருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியை அடக்கும்போது அது தலைதூக்கி, புதுச் சிறுநீரகத்தையே அரிக்கிறது. சிஎம்வி என்கிற இன்னொரு வைரஸுக்கு வால்கான்சிக்ளோவிர் மாத்திரை உண்டு, தம்பியும் முதல் சில மாதம் அதைச் சாப்பிட்டான். பிகேவுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை டாக்டர் பார்த்துப் பார்த்துக் குறைப்பதுதான் வழி, கொஞ்சம் அதிகமாகக் குறைந்தாலும் உடம்பு நிஜமாகவே சிறுநீரகத்தைத் தள்ளிவிடலாம். (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஒரு மாத்திரையைக்கூட விட்டுவிடாதீர்கள்.)

உடம்பு ஏற்காமல் போனாலும், பிகே வந்தாலும் கிரியாட்டினின்தான் ஏறும், ஆனால் முதலாவதற்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், பிகேவுக்குக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியை அடக்குவதுதான். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது.

சித்தி மகள் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதால் ஒட்டியது என்று வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. கல்யாண வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தானம் கொடுத்தவரின் சிறுநீரகத்தோடும் இது வரலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அம்மாவிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.

இதெல்லாம் முன்கூட்டியே தெரியக்கூடிய விஷயம் என்பதுதான் என் ஆத்திரம். ரத்தத்தில் பிகே எவ்வளவு இருக்கிறது என்று பிசிஆர் பரிசோதனை காட்டிவிடும். முதல் ஒன்பது மாதம் மாதாமாதம், பிறகு இரண்டு வருஷம்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே இதில் தெரிந்துவிடும். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் சில ஆயிரம் ரூபாய் ஆகும்தான், ஆனால் சிறுநீரகம் போய் மறுபடி வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் படுப்பதற்கு என்ன கணக்கு?

கொரோனா சமயத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பிசிஆர் செய்தார்கள். கிட் வேறாக இருக்கலாம், அடிப்படை முறை அதேதான். குலசேகரத்திலும் குளச்சலிலும் இருப்பவர்கள் மாதாமாதம் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ அலையாமல் இந்தப் பரிசோதனை எங்கள் குமரி மாவட்டத்துக்குள்ளேயே, முதலமைச்சர் காப்பீட்டிலேயே கிடைக்க வேண்டும். அதுவரை, மாற்று அறுவை செய்தவர்கள் அடுத்த செக்கப்பில் "பிகே பார்த்தாச்சா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தம்பிக்கு இப்போது 2.0ல் நிற்கிறது, பழைய 1.2க்குத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் கட்டுரைக்கு இரண்டாம் பகுதி உண்டென்றால் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
தக்கலை