வருவாய் நீதிமன்ற வாய்தாவும் செல்போனுக்கு வர வேண்டும்: குத்தகை விவசாயிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வெண்ணாற்றுப் பாசனப் பகுதிக் குத்தகை விவசாயிகள்

பெறுநர்:
உயர்திரு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: வருவாய் நீதிமன்றங்களில் வாய்தா விவரம், குத்தகைப் பணம் கட்டுதல், வழக்குக் கட்டுகளைப் பாதுகாத்தல் ஆகியவற்றை இணைய வழிக்குக் கொண்டுவரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு வழக்குகள் நடக்கின்றன. அண்ணனுக்கு முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு. தம்பிக்கு வருவாய்த்துறை அதிகாரி விசாரிக்கும் வருவாய் நீதிமன்றத்தில் குத்தகை வழக்கு. அண்ணன் தன் வழக்குக்குத் தரப்பட்ட சி.என்.ஆர். என்ற 16 இலக்கத் தனி அடையாள எண்ணைச் செல்போனில் தட்டினால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. தம்பி விடியற்காலை பஸ் பிடித்துப் போய், பதினொரு மணி வரை வராந்தாவில் நின்று, "அதிகாரி கேம்ப் போயிருக்காங்க, அடுத்த மாசம் வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். அந்தத் தம்பி நான்தான்.

கேம்ப் போவதைக் குறை சொல்லவில்லை. தேர்தல், வெள்ளம் என்று வந்தால் முதலில் ஓட வேண்டியவர்கள் வருவாய்த்துறையினர்தான். ஆனால் அதை முந்தின நாள் மாலை ஒரு குறுஞ்செய்தியில் சொல்லியிருக்கலாம். போன சம்பாவில் எனக்கு முறைத் தண்ணீர் வந்த அன்று வாய்தா. போனேன், தள்ளிவைத்தார்கள். திரும்பி வருவதற்குள் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விட்டது.

கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் மத்திய அரசின் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-இல் தொடங்கியது. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது. அது நீதித்துறையின் கீழுள்ள கோர்ட்டுகளுக்கான பணம். எங்கள் வழக்கு உங்கள் துறையிடம் இருப்பதால் அந்த வாய்க்காலில் எங்களுக்குத் தண்ணீர் வராது. சிவில் கோர்ட்டுக்கே போகலாமே என்றால் அதற்கும் வழியில்லை. 1955-ஆம் வருடத்து சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகைதாரரை வெளியேற்றக் கேட்டு சிவில் கோர்ட்டில் போட்ட வழக்கைக்கூட வருவாய் அதிகாரியிடம்தான் மாற்றி அனுப்ப வேண்டும்.

முக்கியமான விஷயம் குத்தகைப் பணம். நில உரிமையாளர் குத்தகையை வாங்க மறுத்தால் நாங்கள் வருவாய் நீதிமன்றத்தில் கட்டலாம். நெல்லாகக் கொடுக்க வேண்டியது என்றால், கட்டுகிற நாளின் சந்தை விலைப்படி. தவணை வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வெளியேற்றம் வரை போகும். அந்த ஒரு மாதம் அறுப்பு, தூற்றல், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடப்பது என்று ஓடிவிடுகிறது. இதற்கு நடுவில் மனு எழுதி, சலான் வாங்கி, பாங்கில் கட்டி, ரசீதைத் திரும்ப அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். மீன்காரர்கூடப் பணத்தைச் செல்போனில் வாங்குகிறார், ஐயா. வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஆன்லைனில் கட்டவும், கட்டிய தேதியும் நேரமும் ரசீதில் பதியவும் வழி செய்தால், "கட்டினான், கட்டவில்லை" என்ற சண்டையில் பாதி வழக்குகள் வரவே வராது என்பது எங்கள் நம்பிக்கை.

அப்புறம் காகிதங்கள். 2018 கஜா புயலில் எங்கள் வீட்டுக் கூரையோடு அப்பா காலத்துக் குத்தகை ரசீதுகளும் போயின. நகல்கள் வழக்குக் கட்டில் இருக்கும் என்று தைரியமாக இருந்தேன். கேட்டபோது அந்த வழக்குக் கட்டையே தேட வேண்டும் என்றார்கள். நிலுவையில் உள்ள கட்டுகளையாவது ஸ்கேன் செய்து, இரு தரப்பும் பார்க்கும்படி வையுங்கள். உத்தரவை மறுபடி பார்க்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வுக்குப் போகும்போதும் அது உதவும்; தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்காரர்கள் சென்னைக்கும் காகித மூட்டையைச் சுமந்து அலைகிறார்கள்.

இது உங்கள் துறைக்குப் புதிதல்ல. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் நாங்கள் இ-சேவை மையத்தில் எடுக்கிறோம். அதே மையத்தில் வாய்தாத் தேதியும் உத்தரவு நகலும் கிடைத்தால் போதும்.

ஒரு வேண்டுகோள்: ஆப் மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டாம். எங்களில் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. தமிழில் குறுஞ்செய்தி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு, அலுவலக வாசலில் அன்றைய வழக்குப் பட்டியல் மூன்றும் வேண்டும். வாய்தா கேட்பதற்குக் காணொலி சரி. சாட்சி விசாரணை நேரில்தான் நடக்க வேண்டும். நாலு மா நிலத்தை யார் உழுதார் என்று சொல்ல வரும் பக்கத்து வயல்காரர், அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

டெல்டாவில் ஏதாவது ஒரு வருவாய் நீதிமன்றத்தில் முதலில் குறுஞ்செய்தியை மட்டும் தொடங்கினாலும் சரி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்குவதற்குள் அது நடக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள குத்தகை விவசாயிகள்