படித்துறைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவருக்கு

1962 போரில் விமானத்தோடு காணாமல் போன எங்கள் தாத்தாவின் மிச்சம் இத்தனை வருஷம் கழித்துப் பெட்டியில் ஊர் வந்து சேர்ந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று தெருமுனையிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் நின்றவர்களே நீங்கள்தானே. அதை மறுபடி சொல்லப்போவதில்லை. கருமாதி இன்னும் முடியவில்லை. ஆனாலும் மனசு பொறுக்கவில்லை, இப்போதே எழுதிவிடுகிறேன்.

அந்த விமானம் விழுந்த மலையில் கிடந்த தகட்டைப் பார்த்துச் சும்மா விட்டுவிடாமல் கீழே வந்து சொன்ன அருணாசல மக்களுக்கு, பெட்டியைத் தோளில் சுமந்து இறக்கிய படைவீரர்களுக்கு, திருச்சி விமான நிலையத்திலிருந்து கூடவே வந்த முன்னாள் படைவீரர்களுக்கு, மூன்று நாளும் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கு, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கும்பிட்டு நன்றி சொல்கிறது.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். பேசியவர்கள் பலரும் தாத்தாவை விமானி என்றார்கள். அவர் ராணுவ சப்ளைப் பிரிவில் சிப்பாய். 1962 போரில் நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) மலைகளில் நின்றவர்களுக்கு அரிசியும் பருப்பும் தோட்டாவும் வானத்திலிருந்துதான் போயின. டகோட்டா விமானத்தின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அந்த வாசலில் நின்று மூட்டையைத் தள்ளுகிற வேலை அவருக்கு. ஒரு சுற்றில் எல்லா மூட்டையும் இறங்காது. இரண்டு மலைக்கு நடுவே விமானம் திரும்பித் திரும்பி வரும். அப்படி வட்டமடிக்கப் போன ஒருநாள்தான் அது.

வீட்டுக்கு வந்த தந்தியில் ‘காணவில்லை’ என்றுதான் இருந்ததாம். அப்போது என் அப்பா, அப்பாயி (அப்பாவின் அம்மா) வயிற்றில் நாலு மாதம். அந்த ஆடிப்பெருக்குக்கு லீவில் வந்த தாத்தாவோடு எங்கள் ஊர்ப் படித்துறையில் நின்றுதான் அப்பாயி புதுக்கயிறு மாற்றிக்கொண்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அதே படியில் கயிறு மாற்றியது. அந்தக் கயிற்றைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அஸ்தியையும் அங்கேதான் கரைக்க வேண்டும் என்றது. சித்திரை மாதம். மேட்டூரை ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-க்குத்தான் திறப்பார்கள், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். எங்கள் குடமுருட்டி ஆறு வெறும் மணல். நாலு குடத்தில் தண்ணீர் எடுத்துப்போய்க் காரியத்தை முடித்துவிடலாம் என்றிருந்தோம்.

அஸ்தி கரைக்கும் காடாத்து அன்று விடிகாலை படித்துறைக்குப் போனால், தண்ணீர் சத்தம். கடைசிப் படிக்குக் கீழே ஒரு சின்னக் குட்டை. அதிலிருந்து கிழக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் மணலில் ஓடிக்கொண்டிருந்தது. கரைமேல் வயல் வைத்திருப்பவர் முழங்கால் வரை சேறோடு மண்வெட்டியை ஊன்றி நின்றார். முன்பட்டக் குறுவைக்கு விட்ட நாத்தங்காலுக்கு மடையை அடைத்துவிட்டு, போர்வெல் தண்ணீரைக் குழாய் போட்டு ஆற்றுக்குள் இறக்கியிருந்தார். மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டரைக்குத்தான் வந்ததாம். அதிலிருந்து அங்கேயே நிற்கிறார். மணல் உறிஞ்சாமலிருக்க நெல் காயவைக்கிற தார்ப்பாயை அடியில் விரித்திருந்தார். நீலம் கண்ணில் படக் கூடாதென்று அதன் மேல் ஆற்று மணலையே இறைத்திருந்தார்.

நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. சொந்தமும் இல்லை. ஏன் அண்ணே என்றதற்கு, “ஆடிப் பதினெட்டுக்கு ஆத்தா கையால காப்பரிசி வாங்கித் தின்ன வாயிடா இது” என்றார். அவ்வளவுதான்.

அப்பாயிக்கு 83 வயது. இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். காலை உள்ளே வைத்ததும் “வெதுவெதுன்னு இருக்குடா” என்றது. போர்வெல் தண்ணீர் விடியலில் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நல்லதுதான். அந்த மலையில அவருக்கு ரொம்பக் குளிர்ந்திருக்கும்” என்றது.

அப்பா கையிலிருந்து அஸ்தி அந்தத் தண்ணீரில் இறங்கி, வாய்க்கால் வழியாகக் கிழக்கே போனது. எவ்வளவு தூரம் போனதோ, நான் பார்க்கவில்லை. அப்பாயி பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த விமானத்தில் தாத்தாவோடு போன மற்றவர்களின் வீடுகளைத் தேடிக் கடிதம் எழுதப்போகிறேன். பதில் வரும்வரை எழுதுவேன்.

அண்ணே, உங்கள் நாத்தங்கால் எங்களுக்காக ஒருநாள் காய்ந்தது. கருமாதி முடிந்த கையோடு நாற்றுப் பறிக்க நானும் தம்பியும் வருகிறோம். கூலி என்று பேச்செடுக்காதீர்கள்.